ஒரே பையில் மரமேறும் சாமான்: சுங்கை சிப்புட்டில் சேர்த்த ஒரு செட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கிளை கழிக்க வேண்டிய மரங்கள் பெரும்பாலும் வண்டி போகாத இடமாகப் பார்த்துத்தான் நிற்கின்றன. லயத்து வீடுகளுக்குப் பின்னால், கால்வாய்க்கு அந்தப் பக்கம், கோயில் சுவருக்கும் பழைய ஆயாக்கொட்டகைக்கும் நடுவில். ஆளைத் தூக்கிவிடும் லோரி அங்கெல்லாம் நுழையாது. மழை பெய்துவிட்டால் செம்பனைக் காட்டுப் பாதையில் சக்கரம் புதைந்துவிடும். கால்வாயின் மேல் போட்டிருக்கும் பலகையில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே பெரிய பாடு. கடைசி நூறு அடி எப்போதும் முதுகுச் சுமைதான்.

முன்பு ஏணி, இரண்டு சாக்கு நிறையக் கயிறு, ஒரு பெட்டி இரும்புச் சாமான் என்று போவோம். அதை மாற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டாரில் போகிற மாதிரி ஒரே பையில் எல்லாம் அடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஏற, உட்கார்ந்து அறுக்க, இறங்க, ஏதாவது ஆகிவிட்டால் இறக்கிவிட என்று அத்தனைக்கும் அதிலேயே சாமான் இருக்க வேண்டும். எடை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. டுரியான் நிறுக்கிற தூக்குத் தராசை வீட்டு வாசலில் மாட்டி, ஒவ்வொரு சாமானையும் நிறுத்துப் பார்த்துத்தான் பைக்குள் விட்டேன்.

நிறுத்துப் பார்த்ததும் ஒன்று தெளிவானது. பையின் எடையில் பெரும்பங்கு கயிறு. கேரபினர் (திறந்து மூடும் கொக்கி வளையம்), கப்பி போன்றவற்றில் 20 கிராம், 30 கிராம் குறைக்கப் பணத்தைக் கொட்டுவதைவிட, கயிற்றின் நீளத்தையும் தடிமனையும் யோசித்து முடிவு செய்வது பத்து மடங்கு பயன் தரும். மற்ற சாமான் எல்லாமே கயிற்றைப் பார்த்துத்தான் தேர்வாகிறது. அதனால் முதலில் கயிறு.

மரத்தில் கயிறு போட்டு ஏறுவதில் இரண்டு வழி உண்டு. கிளைமேல் கயிற்றைப் போட்டு, ஒரு நுனியை ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்க்கச்சை) கட்டி, மறு பக்கத்துக் கயிற்றில் பிடிமுடிச்சு (பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு) போட்டு ஏறுவது ஒன்று. ஏற ஏறக் கயிறு கிளைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும்; ஆனால் கையில் விழும் பாரம் பாதிதான். இன்னொன்று, கயிற்றை மேலேயோ மரத்தடியிலோ அசையாமல் கட்டிவிட்டு, ஒற்றைக் கயிற்றில் ஏறுவது. நேரே மேலே போக இதுதான் வேகம். ஆனால் இங்கே முழு எடையும் ஒரே கயிற்றில், ஒரே முடிச்சில் இறங்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு மரங்கள் என்றால் மா, பலா, ரம்புத்தான், டுரியான். கயிறு போடும் கவை 10, 12 மீட்டர் உயரத்தில் கிடைத்துவிடும். தோட்ட ஆபிஸ் முன்னாலும் கோயில்களிலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் 15 மீட்டர் போக வேண்டியிருக்கும். ஓடும் கயிறு முறைக்கு உயரத்தைப் போல இரண்டு மடங்கும், முடிச்சுக்குக் கொஞ்சமும் வேண்டும். அந்தக் கணக்கில் 35 மீட்டர் போதும். நான் 45 மீட்டர் எடுத்ததற்குக் காரணம் வேறு. மரத்தடியில் கட்டி, மேலே கவையைத் தாண்டி வரும் ஒற்றைக் கயிற்றில் ஆள் ஏறும்போது, அடிக்கட்டில் எட்டு வடிவ இறக்கியைப் போட்டு வைத்தால், மேலே இருப்பவர் மயங்கிவிட்டாலும் கீழே நிற்பவரே அவரை மெதுவாக இறக்கிவிடலாம். அதற்குக் கயிறு மேலே போக ஒரு பங்கு, கீழே வர ஒரு பங்கு, இறக்கும்போது விட்டுக்கொடுக்க ஒரு பங்கு என்று மூன்று பங்கு வேண்டும். 15 மீட்டருக்கு மூன்று பங்கு 45. கூடுதல் 10 மீட்டரின் எடை ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவைச் சுமப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தடிமன் 11.7 மி.மீ. மீட்டருக்கு 100 கிராம் அளவில் வருகிறது, ஆக மொத்தம் நாலரைக் கிலோ. 11 மி.மீ. எடுத்தால் ஒரு கிலோவுக்குக் கிட்டக் குறையும், உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்த கைக்கு 11 மி.மீ. கயிறு வழுக்குகிறது, நாள் முழுக்கப் பிடித்து இழுக்கிற கைக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். கயிற்றோடு வரும் தாளில் ஐரோப்பியத் தரமான ஈ.என். 1891, ஏ வகை என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்துக்குக் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ பாரம் தாங்கும் பலம் வேண்டும். அமெரிக்க மரவேலைத் தரமான ஆன்சி இசட் 133, ஏறும் கயிற்றுக்கு 5,400 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 24 கிலோநியூட்டன் கேட்கிறது. ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் விற்கும் நைலான் கயிறு வெட்டிய கிளையைக் கட்டி இழுக்கட்டும்; அதில் மனுஷன் தொங்கக் கூடாது. நிறம், இலையோடு கலக்காத ஆரஞ்சு. வாள் போகிற பாதையில் கயிறு கிடந்தால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும்.

அடுத்து, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் சாமான். இதில்தான் அதிக நாள் யோசித்தேன்.

பெட்ஸல் கம்பெனியின் ஜிக்ஜாக் மாதிரி இயந்திரப் பிடிப்பான்கள் அருமையானவை. சங்கிலிக் கண்ணிகளைப் போல அடுக்கிய உலோகத் துண்டுகள் பிடிமுடிச்சின் வேலையைச் செய்கின்றன. மேலே விரலால் அழுத்தினால் வழுக்கி இறங்கும், விட்டால் நிற்கும். ஈரமோ வெயிலோ, நடத்தை அவ்வளவாக மாறாது. விலை ஆயிரம் வெள்ளிக்கு மேல். நான் வாங்காததற்கு விலை மட்டும் காரணமில்லை. பலாப் பாலும் பால்மரத்து (ரப்பர்) பாலும் பட்டுக் காய்ந்தால் கண்ணிகளுக்குள் பிசின் பிடித்துக்கொள்ளும். அதைவிட, ஒரு பாகம் கெட்டால் பார்சல் வரும்வரை வேலை நின்றுவிடும். இந்த ஊரில் கைநீட்டி வாங்க அதற்குக் கடை கிடையாது.

நான் எடுத்தது பிடிமுடிச்சு போட இரு நுனியிலும் கண் தைத்த ஒரு குட்டைக் கயிறு (முழக் கயிறு என்று சொல்வோம்), மூன்று துளையுள்ள சின்னக் கப்பி, ஒரு கேரபினர். கயிற்றின் மேலுறையில் டெக்னோரா இழை கலந்திருக்கிறது. இறங்கும்போது முடிச்சு சூடாகும். சாதாரண பாலியெஸ்டர் 250 டிகிரி வாக்கில் உருகும், டெக்னோரா உருகாது, 500 டிகிரி வரை தாக்குப்பிடித்துப் பிறகுதான் சிதையும். ஆனால் அதற்கு வெயில் ஆகாது. வெளியே போட்டுவைத்தால் பலம் குறைந்துகொண்டே போகும். மூன்றும் சேர்ந்து கால் கிலோ. ஜிக்ஜாக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே எடையில் லாபம் இல்லை. லாபம் எதில் என்றால், பாக்கெட்டில் இன்னொரு முழக் கயிறு கிடக்கும். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு அங்கேயே மாற்றிவிடலாம்.

முடிச்சு டிஸ்டல். ஏறும் கயிற்றைச் சுற்றி மேலே நாலு சுற்று, கீழே ஒரு சுற்று. இரண்டுக்கும் நடுவிலிருந்து இரு நுனிகளும் வெளியே வந்து கேரபினரில் சேரும். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்க வேண்டும். கட்டியதும் கட்டை விரலால் ஒவ்வொரு சுற்றையும் நீவி, கீழிருந்து இழுத்து இறுக்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முழு எடையோடு உட்கார்ந்து குலுங்கிப் பார்ப்பேன். பிடிக்க வேண்டும், கையால் முடிச்சின் தலையை அழுத்தினால் விட வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். நான் 75 கிலோ. எனக்கு நாலு சுற்று பொருந்துகிறது. என் தங்கச்சி மகன் ஒல்லி. அதே முடிச்சு அவனுக்கு இறுகிப்போய், "மாமா, இறங்கவே மாட்டேங்குது" என்றான். அவனுக்கு வேறு நீளத்தில் தனியாக ஒரு முழக் கயிறு. பிடிமுடிச்சு ஆளுக்கு ஆள் மாறும், கயிறு புதுசா பழசா, நனைந்ததா காய்ந்ததா என்பதற்கும் மாறும். மழையில் நனைந்துவிட்டால் உட்கார்ந்து பார்க்கும் சோதனையை மறுபடியும் முதலிலிருந்து செய்கிறோம்.

இதே முடிச்சை ஒற்றைக் கயிற்றில் அப்படியே போட்டால் ஆபத்து. முழு எடையும் அதிலேயே விழுவதால் முடிச்சு கல்லாகிவிடும், நடுவானில் மாட்டிக்கொள்வோம். அதற்குத்தான் ரோப் ரெஞ்ச் என்ற சின்னச் சாமான். கெவின் பிங்காம் என்ற மரமேறி உருவாக்கியது. முடிச்சுக்கு மேலே உட்கார்ந்து கயிற்றை ஒரு வளைவு வளைத்து, பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். முடிச்சு கைக்கு அடங்கும். விறைப்பான இணைப்பு வாரோடு சேர்த்து 300 கிராம். இந்த 300 கிராமைச் சேர்த்தால் அதே முழக் கயிறும் அதே கப்பியும் இரண்டு முறைக்கும் ஆகிவிடுகின்றன. பையைச் சின்னதாக்கியதில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

கேரபினரில் சிக்கனம் பார்க்கவில்லை. ஆளைத் தாங்கும் ஒவ்வொன்றும் தானே மூடி, தானே பூட்டிக்கொண்டு, குறைந்தது இரண்டு தனித்தனி அசைவு செய்தால்தான் திறக்க வேண்டும். ஈ.என். 362 என்ற எண், நீளவாக்கில் எத்தனை கிலோநியூட்டன், தயாரிப்புத் தொகுதி எண் எல்லாம் உடம்பில் பொறித்திருக்க வேண்டும். இணையத்தில் பத்து வெள்ளிக்கு வாங்கிய ஒன்றில் 22 என்று மட்டும் பெரிசாகப் பொறித்திருந்தது. தர எண்ணும் இல்லை, தாளும் இல்லை. அது இப்போது தண்ணீர்ப் போத்தல் மாட்ட.

ஹார்னஸ் இரண்டு கிலோ. பாறையேற்றத்துக்கான மெல்லிய ஹார்னஸ் நாலில் ஒரு பங்கு எடையில் கிடைக்கும், ஆனால் மர வேலைக்கு ஒத்துவராது. அதில் பக்க வளையங்கள் இல்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தொடை மரத்துவிடும். மரவேலை ஹார்னஸின் முன்னால் ஒரு கயிற்றுப் பாலம் இருக்கும்; அதில் ஓடும் வளையத்தில்தான் நாம் தொங்குகிறோம். பக்கவாட்டில் சாய்ந்து கிளைக்குப் போக அதுதான் வசதி. தேயப்போகிற முதல் பாகமும் அதுதான்.

லேன்யார்ட் 4 மீட்டர், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் முடிச்சோடு. கை வாள் எடுத்தாலும் சரி, மோட்டார் வாள் எடுத்தாலும் சரி, அறுக்கும்போது ஏறிய கயிற்றோடு இதையும் மரத்தைச் சுற்றிக் கட்டி இரண்டு பிடிப்பில்தான் நிற்க வேண்டும். பையைச் சின்னதாக்குகிறேன் என்று லேன்யார்டை வீட்டில் வைத்துவிட்டு வருவதை என்னால் ஏற்கவே முடியாது. கால் அசெண்டர் 100 கிராம். கயிற்றில் மிதித்து எழ உதவும், முதுகையும் தோளையும் காப்பாற்றும். வாள், 330 மி.மீ. வளைந்த கை வாள், உறையோடு. தலைக்கவசம் பைக்கு வெளியே தொங்கும்.

ஆணி பதித்த ஏறுகாலணியைச் செட்டில் சேர்க்கவில்லை. அடியோடு வெட்டப்போகிற மரத்துக்குத்தான் அது. உயிர் மரத்தில் ஒவ்வொரு அடியும் ஒரு புண். தென்னை, செம்பனை போன்றவற்றில் பட்ட காயம் மூடவே மூடாது, கூன்வண்டுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி. பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் நட்ட பால்மரம் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. மரம் அத்தனை காலம் வாழக்கூடியது என்று நினைத்தால் ஆணி குத்த மனசு வராது.

சரி, முதல் பெரிய வேலை. லயத்துக்குப் பின்னால் ஒரு முனியாண்டி கோயில், அதை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி. திருவிழாவுக்கு முன் தகரக் கூரைமேல் நீண்டிருக்கும் பட்ட கிளைகளை எடுக்க வேண்டும். அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றி, முன்னால் சூலம் நட்டிருந்தது. கோயில் தலைவர் பையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவுதானா சாமான்? லோரி பின்னால வருதா?" என்றார். "இல்லைங்கய்யா, இதுதான் மொத்தமும்" என்றேன். அவர் சூடம் காட்டி முடித்ததும், துணியும் சூலமும் இருக்கிற பக்கத்தை விட்டு மறு பக்கத்தில் இறங்கினோம்.

ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி வந்தோம். அடியில் கறையான் மண் இருக்கிறதா, சுத்தியல் கட்டையால் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறதா, குளவிக் கூடு, முசுறுக் கூடு, மின்கம்பி. தோட்டத்து ஓரம் போகும் கம்பிகளில் 11,000 வோல்ட் இருக்கலாம். கம்பிக்குக் கிட்டே நீளும் கிளையைத் தொடுவதில்லை, மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுவதுதான். இந்த மரத்தில் கம்பி இல்லை. ஆனால் கவைகளில் எல்லாம் பறவைக்கூட்டுப் பெரணி குடம் குடமாக உட்கார்ந்திருந்தது. மழைக்குப் பிறகு ஒவ்வொன்றும் ஈர மண்ணோடு ஒரு மூட்டை கனம். அடியில் மரம் அழுகியிருந்தாலும் வெளியே தெரியாது. பெரணி இல்லாத கவையாகத் தேடினோம்.

எறிகயிறு 2 மி.மீ., நுனியில் 340 கிராம் எறிபை. இரண்டு கால்களுக்கு நடுவே ஆட்டி, மேலே விட்டால் கவையைத் தாண்டிவிடுகிறது, ஆனால் அந்தப் பக்கம் இறங்க மாட்டேன் என்கிறது. தூங்குமூஞ்சியின் பட்டை சொரசொரப்பு மெல்லிய கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. கயிற்றை அலை அலையாக உதறினாலும் ஓரடிதான் இறங்கியது. திருப்பி இழுத்து 400 கிராம் பையை மாட்டினோம். அது தானாகவே சரசரவென்று இறங்கி வந்தது. மா, ரம்புத்தான் மாதிரி வழுவழுப்பான மரத்துக்கு 340, சொரசொரப்பு மரத்துக்கு 400 என்று இரண்டும் இப்போது பையில்.

எறிகயிற்றால் ஏறும் கயிற்றை இழுத்து ஏற்றி, நானும் மருமகனும் சேர்ந்து தொங்கிப் பார்த்தோம். அடிமரத்தில் கட்டிய ஒற்றைக் கயிற்றில் ஏறும்போது கவைமேல் விழுவது என் எடை மட்டுமல்ல. இரு பக்கக் கயிறும் இழுப்பதால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 150 கிலோவுக்குக் கிட்ட. இரண்டு பேர் தொங்கியும் கவை அசையவில்லை, சத்தமும் இல்லை. ரெஞ்ச் போட்டு, கால் அசெண்டரால் மிதித்து மேலே போனேன்.

மேலே போய் லேன்யார்டைக் கட்டிக்கொண்டு, பிரிக்‌ஷன் சேவரை மாட்டினேன். ஒரு பட்டை வார், ஒரு முனையில் பெரிய வளையம், மறு முனையில் சின்ன வளையம். கிளைமேல் வாரைப் போட்டு இரண்டு வளையத்துக்குள்ளும் கயிற்றை விட்டால் கயிறு உலோகத்தில் ஓடும். பட்டையும் அறுபடாது, கயிறும் தேயாது, இழுக்கவும் லேசு. இறங்கிய பிறகு தரையிலிருந்தே அதைக் கழற்றலாம். பெரிய வளையத்துப் பக்கம் தொங்கும் நுனியில் ஒரு மரக்குண்டு கட்டி, மறு நுனியை இழுக்க வேண்டும். குண்டு பெரிய வளையத்தைத் தாண்டிப் போய், சின்ன வளையத்தில் மாட்டி, வாரையே கீழே இழுத்து வந்துவிடும். எறிகயிற்றைக் குண்டில் கட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல விட்டால் தலையில் வந்து விழாது. எறிகயிறு இப்படி இன்னொரு வேலையும் பார்ப்பதால் அதற்கென்று தனிக் கயிறு தேவைப்படவில்லை.

அப்புறம் ரெஞ்சைக் கழற்றி ஹார்னஸில் மாட்டிக்கொண்டு, ஓடும் கயிறு முறைக்கு மாறி, கிளை கிளையாகப் போனேன். பட்ட கிளைகளைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் தனிக் கயிற்றில் கட்டிக் கூரையில் படாமல் இறக்கினோம். பேராக்கில் மதியத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் கறுத்ததும் இறங்கிவிட்டேன். இடி கேட்கும்வரை காத்திருப்பதில்லை. மிச்சத்தை மறுநாள் முடித்தோம்.

மருமகனின் பையில் அவனுடைய ஹார்னஸும் முழக் கயிறும் கப்பியும் எப்போதும் இருக்கும். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்த ஓட்டம் கெட்டு ஆள் போய்விடலாம்; ஆம்புலன்ஸ் தோட்டத்துக்குள் வரும்வரை பொறுக்க முடியாது. இறக்கியால் இறக்குவது, கிளையில் மாட்டியிருந்தால் ஏறிப்போய் இறக்குவது, இரண்டையும் தாழ்வான மாமரத்தில் பழகி வைத்திருக்கிறோம். கூட ஆள் இல்லாத நாளில் நான் ஏறுவதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சாமான் வாங்கும் முன் தெரிந்தவர் ஒருவரிடம் போய், ஆள் உயரத்திலேயே முடிச்சும் இறக்கமும் பழகிக்கொள்ளுங்கள்.

ஈரக் கயிற்றைப் பையிலேயே விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை வாசனை வந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, வெயில் படாத முன்கூடத்தில் கொடியில் தொங்கவிடுகிறேன். மோட்டார் பெட்டியில் போடுவதே இல்லை. பெட்ரோலும் பேட்டரி ஆசிட்டும் கயிற்றுக்கு எமன். காய்ந்ததும் முழுக் கயிற்றையும் விரல்களுக்கிடையே விட்டுப் பார்ப்பேன். எங்காவது மெத்தென்று அமுங்கினாலோ, விறைத்துப் போயிருந்தாலோ, உறை கிழிந்து உள் இழை தெரிந்தாலோ அந்த இடத்தோடு வெட்டிவிட வேண்டியதுதான். துணிச் சாமானுக்குப் பெட்ஸல் கொடுக்கும் உச்ச ஆயுள் 10 வருஷம். நம் ஊர் ஈரத்திலும் பிசினிலும் அதற்கு வெகு முன்னாலேயே மாற்ற வேண்டி வரும்.

இப்போது மொத்தப் பை 11 கிலோ சொச்சம். ஹார்னஸ் பாலத்தில் வளையம் ஓடும் இடத்தில் இழை பஞ்சு பஞ்சாக எழும்பத் தொடங்கியிருக்கிறது. புதுப் பாலத்துக்குச் சொல்லியாயிற்று. அது வந்து மாட்டும்வரை ஏறும் வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் நின்று கழிக்கக்கூடிய வேலிச் செடிகளும் வாழைத் தோப்பும்தான் இந்த வாரம்.